தாள் எண் 212

பெயர்: சங்கங்குப்பி.
பீச்சங்கு என்பார்கள்
இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டவர்கள்.

குடும்பம் என்ற இடத்தில் மட்டும்
பென்சிலால் எழுதுகிறேன்.
வெகுகாலம் வெர்பினா வீட்டுப் பிள்ளை.
பிறகு வந்து மறுபடி எண்ணிப் பார்த்தவர்கள்
துளசி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.
பேரினமும் அப்படித்தான்.
கிளீரோடெண்ட்ரம் என்றால் சீட்டுமரம்,
விழுந்தால் மருந்து, விழாவிட்டால் விஷம்.
இப்போது வோல்கமேரியா,
யாரோ ஒரு ஜெர்மானியரின் பெயர்.

செடிக்குத் தகவல் போகவில்லை.
மூக்கையூரில் அலை ஏறித் திரும்பும் கோட்டுக்கு
இருபதடி மேலே
எதிரெதிர் இலைகளை அடுக்கிக்கொண்டு
அது பாட்டுக்குப் பூத்திருந்தது.

ஒரு காம்புக்கு மூன்று பூ.
நீண்ட வெள்ளைக் குழல், ஐந்து இதழ்,
அதையும் தாண்டி வெளியே வளைந்த
நான்கு கருஞ்சிவப்பு இழைகள்.
எறும்பு ஒன்று கடைசி இழையின் நுனிவரை போய்
கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.
காய் நாலாகப் பிளக்கும், தக்கைபோல் மிதக்கும்.
டோக்கன் வாங்காமல்
வனத்துறைப் படகுக்குப் பயப்படாமல்
தீவுகளுக்கு அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

இனப்பெயர் இனெர்மிஸ்: ஆயுதமில்லாதது.
முள் கிடையாது, சுரக்கப் பாலும் கிடையாது.
ஆனாலும் ஆடு வாய் வைப்பதில்லை.
கசப்பு போதுமாயிருக்கிறது.

வாழிடம்: உவர்மணல்.
கிராமக் கணக்கில் அந்த இடத்துக்கும்
வகைபாடு என்று ஒரு கட்டம் இருக்கிறது.
அதில் தரிசு என்று எழுதியிருக்கிறார்கள்.
அதே சொல், வேறு அலுவலகம்.

கத்தரியை எடுத்து
பூ நிறைந்த பக்கமாய் நான்கு கிளை வெட்டினேன்.
செய்தித்தாளை விரித்து
இலையின் அடிப்பக்கம் தெரிய ஒன்றைத் திருப்பி வைத்தபோது
"அந்தப் பக்கமா ஒடிச்சீங்க?" என்றாள்
சந்தியாகம்மாள்.

பாசி எடுத்துக் கரையேறியிருந்தாள்.
என் வயதுதான் இருக்கும்.
பத்து விரலிலும் துணிச்சுற்று,
நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி,
இடுப்பில் நீர் சொட்டும் சாக்கு.
பின்னால் இன்னும் ஐந்து பேர்.

பயன் என்ன என்று கேட்டேன், என் வேலை அது.
பாறை கிழித்தால், பாசி அரித்தால்
இலையைக் கொதிக்கவைத்து ஊற்றிக்கொள்வோம் என்றாள்.
எழுதினேன்.
வேலிக்கு வைப்பார்கள்.
எழுதினேன்.
காய்ச்சலுக்கும் குடிப்பதுண்டு,
குடித்தவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றாள் ஒருத்தி.
சிரித்தார்கள். அதை எழுதவில்லை.

"அப்புறம் இதுக்குப் பின்னாலதான்
நாங்க சேலை மாத்துறது."

பதினோரு மணி வெயில்.
ஒரு பக்கம் வலைக்கூடம்,
ஒரு பக்கம் லாரி வந்து திரும்பும் சாலை.
நடுவில் ஆளுயரத்துக்கு இந்தப் பச்சை
இப்போது அதில் ஒரு ஓட்டை,
அதன் வழியே டீக்கடை பெஞ்சு,
பெஞ்சில் இருந்தவர்களின் முழங்கால்கள்.

நான் எழுந்துபோய் ஓட்டையில் நின்றேன்,
அவர்களுக்கு முதுகைக் காட்டி,
கையில் வெட்டிய கிளைகளோடு.
ஈரத்துணி பிழிகிற சத்தம் ஆறு தடவை கேட்டது.
சாலையிலிருந்து ஒருவர்
என்ன செடிம்மா என்று கேட்டார்.
பெயரைச் சொன்னேன், இரண்டு பெயரையும்.

பயன்கள் பகுதியில் மூன்றாவதாக
மறைப்பு என்று எழுதிக் கொடுத்தேன்.
வழிகாட்டி சிவப்பு மையால் வட்டமிட்டு
சான்று? என்று கேட்டிருந்தார்.

அடுத்த மாதம் காய் சேகரிக்கப் போனபோது
வெட்டிய இடத்தில்
பழைய நைலான் வலையை நாலாய் மடித்துக் கட்டியிருந்தார்கள்.
கீழே, வெட்டுவாயில்
அரை அங்குலத்துக்கு இரண்டு இலை,
எதிரெதிராக.

கத்தரியைப் பையிலேயே வைத்துக்கொண்டு
மணலில் உதிர்ந்த காய்களை மட்டும் பொறுக்கினேன்.
நாலில் ஒன்று சொத்தை.